பட்டிக்கு அடியில் ஒரு நிறம்

வண்டியை விற்றவர், "இதோட பழைய கலர் சாம்பல்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "நீலம்" என்றார்.

"சாம்பல்தான்."

"நீலம். எத்தனை வருஷம் அதுல உட்கார்ந்து போயிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எங்கள் முன்னால் நின்ற வண்டியோ செங்கல் நிறத்தில் இருந்தது. அதுவும் ஒரே செங்கல் இல்லை. கதவு ஒரு சூளை, பானட் இன்னொரு சூளை. அந்தச் சண்டையை ரசித்துவிட்டு முன்பணம் கொடுத்து வந்தேன். அதைத் தீர்த்துவைக்கும் வேலை என் தலையில் விழும் என்றும், அதற்கு ஒன்றரை வருடம் பிடிக்கும் என்றும் அப்போது தெரியாது.

வண்டி 1961இல் செய்த மோரிஸ் மைனர் 1000, இரண்டு கதவு. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த வரிசை. உற்பத்தி நிற்பதற்குள் 16 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். ஆகவே உதிரிபாகம் பெரிய பிரச்சினையாக இருக்காது என்று நினைத்தேன். ஒருவகையில் அது சரிதான். கிடைக்கும். நம் வண்டிக்குக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

முதலில் பிரேக். "மோரிஸ் மைனர் 1000, முன் சக்கர பிரேக் ஷூ" என்று கேட்டு வரவழைத்தேன். பார்சலைப் பிரித்து வைத்துப் பார்த்தால் டிரம்முக்குள் போகவே மறுக்கிறது. தயாரிப்பில் கோளாறு என்று விற்றவரிடம் சூடாகப் பேசிவிட்டேன். அவர் பொறுமையாக, "உங்க எஞ்சின் எத்தனை சிசி?" என்று மட்டும் கேட்டார். 948 என்றேன். "நீங்க வாங்கினது 1098க்கு உள்ளது" என்றார்.

மைனர் 1000 என்பது ஒரே வண்டி என்று நான் நினைத்திருந்தேன். 1956இல் அந்தப் பெயர் வந்தபோது எஞ்சின் 948 சிசி, முன் டிரம் 7 அங்குலம். 1962இல் எஞ்சின் 1098 சிசி ஆனது, முன் டிரம்மும் 8 அங்குலமானது. பின்பக்கம் ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. நான் பெயரை நம்பி வாங்கினேன்.

அன்று கற்றுக்கொண்டதுதான் இந்த வேலைக்கு அரிச்சுவடி. தொழிற்சாலை எந்த மாற்றத்தையும் ஜனவரி ஒன்றாம் தேதிக்காகக் காத்திருந்து செய்வதில்லை. கையிருப்புத் தீரும், அடுத்த வண்டியிலிருந்து புதுசு ஏறும். அதனால்தான் பழைய உதிரிபாகப் பட்டியல்களில் பாகத்தின் பெயருக்குப் பக்கத்தில் "இந்தச் சேசிஸ் எண் வரை", "இந்தச் சேசிஸ் எண்ணிலிருந்து" என்று போட்டிருக்கும். வருடத்தைச் சொல்லிக் கேட்பவனுக்குக் கிடைப்பது அதிர்ஷ்டம், சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்பவனுக்குக் கிடைப்பது பாகம். பட்டியலின் பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் வண்டியின் ஓர் உறுப்பு வெடித்துச் சிதறியதுபோல் ஒவ்வொரு வாஷரும் தனித்தனியாக நிற்கும் படம். ராத்திரி தூக்கம் வராதபோது படிக்க அதைவிட நல்ல புத்தகம் கிடையாது.

இன்னொரு பொறி, வார்ப்பில் இருக்கும் எண். பாகத்தின் மேல் பெரிதாகப் புடைத்துக்கொண்டு ஓர் எண் தெரியும். அதைத்தான் பாக எண் என்று நினைப்போம். பல சமயம் அது அச்சின் எண். ஒரே அச்சில் வார்த்ததை மூன்று விதமாகக் கடைந்து, மூன்று பாக எண் கொடுத்திருப்பார்கள். வார்ப்பெண் பொருந்தினால் உருவம் பொருந்துகிறது என்று அர்த்தம். துளை பொருந்துமா என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

எளிதாக முடிந்தவற்றையும் சொல்ல வேண்டும். எஞ்சின் ஏ-சீரிஸ், 1951 முதல் 2000 வரை மினி, ஆஸ்டின், மிட்ஜெட் என்று பல வண்டிகளில் ஏதோ ஓர் அளவில் ஓடிய குடும்பம். அதற்குப் பாகம் தேடி நான் அலையவில்லை. பேரிங் அதைவிடச் சுலபம். விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்துக் கேட்டால் போதும். அது காருக்கா, மோட்டாருக்கா என்று பேரிங்குக்கே தெரியாது. ஆயில் சீலும் அப்படித்தான், உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று அளவு. காரின் பெயரைச் சொன்னால் "இல்லை" என்ற இடத்தில், அளவைச் சொன்னதும் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்கள். பாடி தகடுகளுக்குக்கூட ஆதரவு உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனருக்கென்றே நடந்த ஒரு பட்டறைக்காக, 1990களில் இலங்கையின் காலியில் தகடுகள் தட்டி அனுப்பினார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய காருக்குக் கடல் தாண்டிப் புது மட்கார்டு.

கஷ்டம் கொடுத்தவை சில்லறைச் சாமான்கள். கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், கதவுக் கைப்பிடியின் ஸ்பிரிங், விளக்கின் மூடி. எஞ்சின் இல்லாமல் யாரும் வண்டியை வைத்திருக்க மாட்டார்கள், அதனால் எஞ்சினைக் காப்பாற்றுவார்கள். விளக்கு மூடி இல்லாமல் பத்து வருடம் ஓட்டுவார்கள்.

பழைய கையிருப்பு என்று சொல்லி, பிரிக்காத பெட்டியில் வரும் சாமான்களிடம் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. மெழுகுத்தாள், மங்கிய எழுத்து, உள்ளே பளபளவென்று பாகம். உலோகம், கண்ணாடி என்றால் அந்த மயக்கத்தில் தவறில்லை. ரப்பரில் இறங்கக் கூடாது. வீல் சிலிண்டருக்கு அப்படி ஒரு பெட்டி ரப்பர் வாஷர் வாங்கிப் போட்டேன். பார்க்கப் புதுசு; ஐந்தாம் நாள் சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஆயில் வழிந்தது. பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும், ஓடியதோ இல்லையோ. இப்போது பிரேக்குக்கு நேற்றுச் செய்த ரப்பரைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை. ஒரிஜினல் என்ற வார்த்தைக்குப் பிரேக் பெடலுக்கு அந்தப் பக்கம் மரியாதை கிடையாது.

கழற்றிய எதையும் எறியாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடைந்ததாக இருந்தாலும் புதுசு வந்து பொருந்தும்வரை அதுதான் அளவுகோல். நான் எறிந்தது ஒரே ஒரு கிளிப். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இனி நிறம்.

பெயின்டர் என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். இந்தக் கணக்கை இரண்டு பேரும் மாற்ற முயன்று தோற்றுவிட்டோம். முதல் நாள் பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "நடுவுல ரெண்டு கோடு தூக்கிக்கிட்டு இருக்கே சார், யாரோ வெட்டி ஒட்டியிருக்காங்க. தேய்ச்சுச் சமமாக்கிடவா?" என்றார். அவசரமாகத் தடுத்தேன். அது பழுதில்லை, சரித்திரம். மாதிரி வண்டி முடிந்த பிறகு அகலம் போதவில்லை என்று இஸிகோனிஸுக்குத் தோன்ற, அதை நெடுக்காக இரண்டாக அறுத்து நகர்த்தி வைத்துப் பார்த்திருக்கிறார். 4 அங்குலம் விலகியபோது கண்ணுக்குச் சரியாக இருந்ததாம். அப்படி நடுவில் சேர்ந்த அகலம்தான் பானட்டில் பட்டையாக நிற்கிறது. முதலில் வந்த வண்டிகளுக்குப் பம்பர் ஏற்கெனவே தயாராகிவிட்டதால், அதையும் அறுத்து நடுவில் ஒரு துண்டு வைத்தார்கள். அண்ணன் கேட்டுவிட்டு, "அப்ப வெட்டி ஒட்டினதுதானே, நான் சொன்னது சரிதானே?" என்றார். சரிதான்.

எந்த வண்டியிலும் நிறத்தைத் தேட வேண்டிய முதல் இடம் தகடு. கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும்: கதவு நிலை, பானட்டுக்கு அடியில், ஸ்பேர் சக்கரத்துக்குப் பின்னால். மைனரிலேயே 1952 முதல் 1958 வரை வந்தவற்றில் சேசிஸ் எண்ணின் முன்னால் இருக்கும் எழுத்துகளில் மூன்றாவது எழுத்து நிறத்தைச் சொல்லும். ஏ என்றால் கறுப்பு. என் வண்டி வருவதற்குள் அந்த நல்ல பழக்கத்தை விட்டுவிட்டார்கள். என் தகட்டில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த வழி, தோண்டுவது. டிக்கி மூடியில் உள்ளங்கை அளவு இடத்தை வாட்டர் பேப்பரால் வட்டமாகத் தேய்த்தோம். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. மரத்தை அறுத்தால் வருட வளையம் தெரிவதுபோல் அடுக்கடுக்காக வந்தது: செங்கல், அதன் கீழே இன்னொரு செங்கல், பிறகு வெண்ணெய் நிறம், பிறகு... ஊதா.

அந்த ஊதாவைப் பார்த்ததும் எனக்கு நாக்கு வறண்டது. 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் இறங்கியது. பிரிட்டனில் ஒரே மாடலில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் அதுதான். அதைக் கொண்டாட, அதே அச்சில் 349 வண்டிகள் செய்தார்கள். வெளியே இளம் ஊதா, உள்ளே வெள்ளை இருக்கை. என்னுடையது அதற்குச் சில வாரங்களே இளையது. கணக்குச் சரியாக வருகிறதே! ஏறக்குறைய ஒரு மணி நேரம் நான் அபூர்வ வண்டியின் சொந்தக்காரனாக இருந்தேன். பிறகு அண்ணன் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார். மேலிருந்து தேய்ந்து வந்த சிவப்புத் தூள் போனது, ஊதாவும் கூடவே போனது. கீழே இருந்தது வெளிறிய ஒன்று. சாம்பல் என்றால் சாம்பல், நீலம் என்றால் நீலம். வெயிலும் பாலிஷும் தின்றது போக மிச்சம். இதை வைத்து நிறம் கலக்க முடியாது என்றார் அண்ணன்.

சரியான நிறம் கிடைத்தது நான் வேறு எதையோ தேடியபோது.

இந்த வகை மைனருக்கு 1961இன் பிற்பகுதியில்தான் மினுக்கும் இண்டிகேட்டர் வந்தது. அதற்கு முன் கைகாட்டி. கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் ஒரு நீளமான குழி. அதற்குள் ஒரு சிறு கை மடங்கிப் படுத்திருக்கும். சுவிட்சைத் திருப்பினால் மின்காந்தம் இழுக்க, கை வெளியே நீண்டு மஞ்சளாக எரியும். என் வண்டியின் தூண்கள் இரண்டும் வழவழவென்று இருந்தன. யாரோ மட்கார்டில் துளை போட்டு இண்டிகேட்டர் விளக்கு மாட்டியிருந்தார்கள். காந்தத்தைத் துணியில் சுற்றித் தூணில் மேலிருந்து கீழே இழுத்தேன். நடுவில் ஒரு சாண் தூரம் பிடிக்கவில்லை. தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி.

வலது பக்கம் உடைத்தபோது இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உள்ளே கைகாட்டி அப்படியே மடங்கிப் படுத்திருந்தது. அதைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் மேலே பட்டி பூசி மூடியிருக்கிறார்கள். லூகாஸ் எஸ்எஃப்80 என்று, மின் சாமான் செய்த கம்பெனியின் பெயரும் மாடலும் உடம்பில் முத்திரை. லூகாஸ்காரர்களிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், மாடலைப் பொறிப்பார்கள், பல பாகங்களில் செய்த மாதத்தையும் வருடத்தையும்கூடப் பொறிப்பார்கள். வண்டியில் எது கூடவே பிறந்தது, எது பிறகு வந்து சேர்ந்தது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். என் டைனமோ வண்டிக்கு ஏழு வருடம் இளையது என்று அப்படித்தான் தெரிந்தது. இடது பக்கக் குழி காலி. அதற்கு ஒன்று தேடி ஐந்து மாதம் ஆனது. "மைனர் கைகாட்டி" என்று கேட்டவரை கிடைக்கவில்லை, "எஸ்எஃப்80" என்று கேட்டதும் வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது வந்தது. கை உடைந்திருந்தாலும் காந்தம் நன்றாக இருந்தது.

வலது குழிக்குத் திரும்புவோம். கைகாட்டியை வெளியே எடுத்ததும் உள்ளே டார்ச் அடித்தேன். பளபளப்பு மாறாத பெயின்ட். வெயில் படாதது, யாரும் மேலே அடிக்காதது. நிறம்? பச்சை கலந்த ஏதோ ஒன்று.

"இது மூணாவது சாட்சியா சார்?" என்றார் அண்ணன். "ஒருத்தர் சாம்பல்ங்கறார், ஒருத்தர் நீலம்ங்கறாங்க, வண்டி பச்சைங்குது."

பேரேட்டைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில், அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் பதிவேடுகள் பலவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தால், பதிவு இருக்கும் வண்டிகளுக்குச் சான்றிதழ் தருவார்கள்: எப்போது செய்தது, எந்த எஞ்சின் எண்ணோடு வெளியே போனது, என்ன நிறம். (பெட்டியில் பிரித்து அனுப்பி வேறு நாட்டில் பூட்டிய வண்டிகளுக்கு இது உதவாது, பூட்டிய இடத்தில்தான் பெயின்ட் அடித்திருப்பார்கள்.) என் சான்றிதழ் வந்தது. நிறம் என்ற வரிக்கு எதிரே: ஸ்மோக் கிரே. புகைச் சாம்பல்.

ஆக, கணவர் ஜெயித்தார் என்று நினைத்தேன். பெயின்ட் கலக்கப் பெயர் போதாது, கோடு, அதாவது நிறத்தின் குறியீடு வேண்டும் என்று அண்ணன் சொன்னதால், அப்போது மோரிஸைச் செய்த பிஎம்சி கம்பெனியின் நிறப் பட்டியலை எடுத்தேன். அவர்கள் முறையில் முதல் இரண்டு எழுத்து நிறக் குடும்பம், பிறகு எண். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொன்னால் வம்பு: ஜிஎன்37 என்றால் ஆல்மண்ட் கிரீன், பியூ37 என்றால் டிரஃபால்கர் புளூ. சாம்பல் குடும்பத்துக்கு எழுத்து ஜிஆர். ரோஸ் டோப் ஜிஆர்27. அந்த வரிசையில் புகைச் சாம்பலைத் தேடினேன். இல்லை. அது இருந்தது நீலக் குடும்பத்தில். ஸ்மோக் கிரே, பியூ15.

பெயர் சாம்பல், கோடு நீலம். விற்றவருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் ஒரு நொடி மௌனமாக இருந்தார். பின்னால் ஏதோ பேச்சு கேட்டது. பிறகு அம்மா போனை வாங்கி, "அதைத்தானே தம்பி நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். அவரும் பின்னாலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் குழிக்குள் ஏன் பச்சை? இதற்கு விடை வண்டியில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. அந்தக் காலத்து சிந்தெடிக் எனாமலில் பசையாக இருப்பது எண்ணெயிலிருந்து செய்த பிசின். வெளிச்சமே படாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அது மஞ்சளாகும். நீலச் சாம்பலின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சைச் சாயல் வராமல் என்ன செய்யும்? வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் பெரும்பாலும் இறங்கிவிடும். யாரும் தொடாத மூலையில் இருப்பது அசல் நிறம் என்று பல பேர் எழுதுகிறார்கள். அங்கிருந்து நேராக மாதிரி எடுத்து வண்டி முழுக்க அடித்துவிட்டு, "பழைய போட்டோவில் இப்படி இல்லையே" என்று முழிப்பார்கள். வெயிலில் இருந்தது வெளுத்திருக்கும், இருட்டில் இருந்தது பழுத்திருக்கும். அசல் இரண்டுக்கும் நடுவில்.

குழியை வெயிலில் வைக்க முடியாது. தரைவிரிப்புக்கு அடியில், கியர்பாக்ஸின் மேல் திருகி மூடியிருக்கும் தகடு உடம்பு நிறத்திலேயே இருந்தது. அதைக் கழற்றி, அழுக்கு போக மெல்லப் பாலிஷ் செய்து இரண்டு வாரம் வெயிலில் வைத்தேன். நாளுக்கு நாள் பச்சை கழன்றது. மிஞ்சியதை எப்படிச் சொல்வது? மழைக்கு முந்தின வானத்தில் கறுக்காத பகுதி.

அந்தத் தகட்டை நிறம் படிக்கும் கருவியின் அடியில் வைத்தோம். கருவி தன் நினைவில் இருக்கும் சேர்மானங்களில் மிக நெருங்கியதைத்தான் தரும்; நெருங்கியது என்பதும் அதுவேதான் என்பதும் வேறு. பியூ15 என்று பெயின்ட் கம்பெனி தரும் சேர்மானத்தையும் கலந்தோம். இரண்டையும் தனித்தனி அட்டையில், நாளை வண்டிக்கு அடிக்கப்போகும் அதே பிரைமரின் மேல், அதே ஸ்ப்ரே கன்னால் அடித்துக் காயவிட்டோம். டப்பாவில் குச்சியை விட்டுப் பார்த்து முடிவு செய்வது கூடாது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். கருவி சொன்னது டியூப்லைட்டில் தகட்டோடு அச்சாகப் பொருந்தியது. வெயிலுக்குக் கொண்டுவந்தால் நீலம் துருத்திக்கொண்டு நின்றது. கலந்த நிறமிகள் வேறாக இருந்தால் ஒரு வெளிச்சத்தில் ஒட்டியது இன்னொன்றில் பிரிந்துவிடும். குறியீட்டின்படி கலந்தது எந்த வெளிச்சத்திலும் கொஞ்சம் இருட்டாக இருந்தது, ஆனால் எதிலும் சாயல் மாறவில்லை. அண்ணன் அதில் வெள்ளையைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நான்காவது அட்டையை வெயிலில், நிழலில், சாயங்காலத்தில் பார்த்துவிட்டு, தகட்டின் மேல் வைத்து விரலை எடுத்தார். அட்டை எங்கே முடிகிறது, தகடு எங்கே தொடங்குகிறது என்று ஓரத்தின் நிழலை வைத்துத்தான் தெரிந்தது.

மேலே தனியாக நிறமில்லாத கிளியர் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கண்ணாடி போட்ட மாதிரி ஆழமான பளபளப்பு இந்த வயது வண்டிக்குக் கடன் வாங்கிய சட்டை. நிறத்திலேயே பளபளப்பு வரும், ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பெயின்டை அடித்தோம். அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கிற பழக்கத்தை அண்ணன் விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, வெளிக்காற்று வரும் முகமூடி வாங்கித் தந்தேன். திட்டிக்கொண்டேதான் போட்டார்.

வலது தூணின் குழியை மட்டும் அடிக்க வேண்டாம் என்றேன். டேப் ஒட்டி மூடினார். அதற்குள் இன்னும் பச்சை இருக்கிறது.

பூட்டி முடித்து முதல் ஓட்டம். அண்ணன் பக்கத்து இருக்கையில். முதல் திருப்பத்தில் வலது கைகாட்டியைப் போட்டேன். அது நீண்டது, எரிந்தது. திரும்பி முடித்து சுவிட்சை விட்டேன். உள்ளே போகவில்லை. நீட்டிய கையோடு இன்னும் நூறடி போனோம்.

"தட்டுங்க சார்" என்றார்.

தூணில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். டக்கென்று மடங்கிக்கொண்டது.